டிராம் போகும் பாதை

1967-இல் ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞர் பிலிப்பா ஃபுட், கருக்கலைப்பு பற்றிய கட்டுரையொன்றில் போகிற போக்கில் ஒரு டிராமை ஓட்டிவிட்டார். நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர். கருக்கலைப்பு முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டது. டிராம் இன்னும் ஓடுகிறது.

1976-இல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் அந்தச் சிக்கலுக்குப் பெயர் சூட்டி, மேம்பாலத்தில் ஒரு பருத்த மனிதரையும் நிறுத்தினார். அவரைத் தள்ளி ஐவரைக் காப்பாற்றலாமா என்று அறிஞர்கள் இன்றுவரை தலையைச் சொறிகிறார்கள். பிறகு எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் டிராமுக்குப் பதில் தானியங்கிக் காரை வைத்து உலகத்தையே கேட்டார்கள். 2018-இல் முடிவு வெளியானபோது சுமார் 4 கோடித் தீர்ப்புகள் குவிந்திருந்தன.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை, பராமரிப்புச் செலவை வெட்டியவர் யார், ஆள் வேலை செய்யும் தடத்தில் வண்டியை விட்டது யார்? சேச்சே, அதெல்லாம் தத்துவமா? தொழிற்சங்கக்காரர் கேட்க வேண்டியது.

தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கருக்கும் இதே கதிதான். கிழக்கு வங்காளத்தில் மக்கள் பட்டினியால் சாவதைப் பார்த்து 1971-இல் எழுதியவர், உதவ வேண்டிய கடமையை விளக்கக் குளத்தில் ஒரு குழந்தையை மூழ்கவிட்டார். வகுப்பறைகள் குழந்தையை வாரியணைத்துக்கொண்டன, வங்காளத்தை மறந்துவிட்டன.

ஆகவே, தத்துவம் எதில் அக்கறை காட்ட வேண்டும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் துயரத்தைக் கொடுத்தாலும் உதாரணம் அதைத் தின்றுவிடும். நல்ல உதாரணமாக இருந்தால் எலும்பைக்கூட மிச்சம் வைக்காது.