ஒரு நாட்டுச் செங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கிறவர்களிடமிருந்து பந்திக் கூடம் வரை நூறடி இருந்தால் அதிகம். அதைக் கடக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இடது குதிகால் வலி அதில் எடுத்துக்கொண்டது ஐந்து நிமிஷம்தான். மீதி நாற்பது நிமிஷமும் வைத்தியம்.

"என்னடா நொண்டுறே?" என்று பெரியப்பா ஆரம்பித்துவைத்தார். யூரிக் ஆசிட்டாக இருக்கும், பருப்பை நிறுத்து என்றார் ஒரு மாமா. "வெயிட்டைக் குறைங்க சார்" என்றவர் என்னைப்போல் ஒன்றரை ஆள் இருந்தார், கையில் ஜாங்கிரி. பெண் வீட்டு அத்தை ஒருவர் கல்லுப்புப் போட்ட வெந்நீர் என்றார். பக்கத்திலிருந்தவர், வெந்நீர் கூடவே கூடாது, ஐஸ்தான் என்றார். இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்தால், காற்று வாங்க வெளியே வந்த தவில்காரர் நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினாலு பேர். நியாயமாகச் சொன்னால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. லிஃப்டில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினால், நாலாவது மாடி வருவதற்குள் பிரண்டைத் துவையல் செய்முறையைச் சொல்லி முடித்துவிடுவேன்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ஒரு மாதம் முன்பே போனேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி கருவேல முள்ளில் வைத்த மாதிரி இருக்கிறது, பத்தடி நடந்தால் குறைந்துவிடுகிறது என்றேன். இந்தப் பத்தடிதான் என் கௌரவத்தைக் கெடுக்கிறது. வீட்டில் எல்லோரும் எழுந்து வந்து பார்க்கும்போது நான் சாதாரணமாக நடந்துகொண்டிருக்கிறேன். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பாதத்தில் 26 எலும்புகளாம். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, வில்லுக்கு நாண் கட்டிய மாதிரி ஒரு பட்டை ஓடுகிறது. ராத்திரி பாதம் தொங்கலாகக் கிடக்கையில் அது சுருங்கிவிடுகிறது. காலையில் நாம் எழுந்து உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் இறக்குகிறபோது வெடுக்கென்று இழுபடுகிறது. பெயர் பிளான்டார் ஃபேசியைட்டிஸ். எக்ஸ்ரேயில் முள் போல எலும்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் பதற, "வலியே இல்லாதவங்களுக்கும் இது இருக்கும், விடுங்க" என்றார். பிறகு மூன்று விஷயம் சொன்னார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சுவரில் கையூன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், கெண்டைக்காலை முப்பது விநாடி நீட்ட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏனென்றால் பெரியப்பா சொன்னதை முதலில் சொல்லியாக வேண்டும். "செங்கல்லைச் சூடு பண்ணி, மேல எருக்கிலையைப் போட்டு, குதிகாலை வைடா. மூணே நாள்."

எருக்குக்குப் பஞ்சமில்லை. மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால், கோர்ட்டில் வழக்கிருக்கிற காலிமனை முழுக்க எருக்குதான். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று மனைவி சொன்னதால் ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஐந்து இலை பறித்தேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் வைக்கும் சல்யூட்டில் கொஞ்சம் இரக்கம் கலந்திருக்கிறது.

செங்கல்தான் கிடைக்கவில்லை. எங்கள் தெருவிலேயே நான்கு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஒரு கல்லா கிடைக்காது என்று நினைத்தேன். முதல் இடத்தில் ஏஏசி பிளாக். ரஸ்க் மாதிரி வெள்ளையாக இருக்கிறது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். சூடு ஏறாது என்பதுதான் அதற்குப் பெருமையே. இரண்டாவது இடத்தில் ஹாலோ பிளாக். குதிகாலை வைத்தால் நேரே ஓட்டைக்குள் இறங்கும். மூன்றாவதில் ஃப்ளை ஆஷ் கல். வடிவமெல்லாம் செங்கல்தான், நிறம் மட்டும் சாம்பல். வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பினேன். "அது அனல்மின் நிலையத்துச் சாம்பல்டா. மண்ணுல சுட்டதா வேணும்" என்று பெரியப்பாவிடமிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு குட்மார்னிங் ரோஜா.

நான்காவது இடத்தில் சிவப்பாக அடுக்கிவைத்திருந்தார்கள். மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஒரே ஒரு கல்லா? எதுக்கு சார்?"

"கால்ல வைக்க."

"எந்தக் கால் சார்?" என்று கரண்டியைக் கீழே வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கலவை போடுகிறவர் வந்தார், சித்தாள் அம்மா வந்தார், கம்பி கட்டுகிறவர் சாரத்திலிருந்தே கேட்டார். இது சேம்பர் கல், இதற்குக் கேட்காது, நாட்டுச் செங்கல்தான் வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. "திருவள்ளூர் பக்கம் சூளையில சொன்னா அனுப்புவாங்க சார். ஆனா லோடாத்தான் வரும்." ஒரு குதிகாலுக்கு ஒரு லாரிக் கல். மாமியாருக்கும் முழங்கால் வலிதான், இருந்தாலும் அவ்வளவு கல் ஆகாது.

கடைசியில் நங்கநல்லூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் போனேன். அங்கே கிடைத்தது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, மறுபக்கம் யாரோ ஒரு குழந்தை சாக்பீஸில் கிறுக்கிய ஏதோ ஒன்றின் வால். குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் போதாது, ஒரு மண்டலம் வைக்க வேண்டும் என்றார்.

வீட்டில் அடுத்த பிரச்சினை. "ஏங்க, இந்த அடுப்புல தோசைக்கல் வைப்பேன், சப்பாத்திக்கல் வைப்பேன். செங்கல்லெல்லாம் வைக்க முடியாது." இண்டக்ஷன் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். இரும்பு தவிர எதையும் மதிக்காத அடுப்பு அது. கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் காஸ் அடுப்பில் இருபது நிமிஷம். வீடு முழுக்க நங்கநல்லூர் வாசனை. இலையைப் போட்டதும் புஸ் என்றது. ஆறட்டும் ஆறட்டும் என்று காத்திருந்து காலை வைத்தேன். சுகமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. மறுநாள் காலை முதல் அடி அதே கருவேல முள்.

டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். சுகர் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும், "இருந்திருந்தா சொல்லிவைப்பேன். செங்கல், ஒத்தடம்னு ஆரம்பிச்சுடாதீங்க. கால் மரத்துப்போனவங்களுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் பார்ப்பாங்க" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. இன்னொரு நாள் யாருக்கோ கட்டுப் போட்டுவிட்டு வந்த முகம் அது.

அவர் சொன்ன அந்த மூன்றாவது விஷயம்தான் எம்.சி.ஆர். செருப்பு. கருநீலம், வெல்க்ரோ பட்டை, போட்டால் இருபது வயது கூடும். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் கரிகிரி மருத்துவர்களும் தொழுநோயால் மரத்த பாதங்களைப் புண்ணிலிருந்து காப்பாற்ற மெத்தென்ற ரப்பரைத் தேடிய காலத்துச் சொத்து. வலி தெரியாதவர்களுக்காக வந்ததை, வலியைத் தவிர வேறெதுவும் தெரியாத நான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். திரிகிறேன் என்பதும் பெயருக்குத்தான். "செருப்புக் காலோட சமையக்கட்டுக்குள்ள வர்றியா?" என்று அம்மா கேட்டதில் சமையலறை போயிற்று. பூஜை அறை தானாகவே போயிற்று. அதை ஒட்டி இருப்பதால் சாப்பாட்டு மேஜையும் சந்தேகக் கேஸ். மிச்சம் ஹால் பன்னிரண்டடி. அதில் பாதி சோபா.

கல்யாணத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். மேடை வரிசைக்கு முன்னாலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். வழுவழு கிரானைட்டில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம், ஒரு போட்டோவுக்காக. பதினாலு பேரும் முன்னும் பின்னும் நின்று கஷாயம் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒருவர்கூட ஒரு நாற்காலியை இழுத்துப் போடவில்லை. கூடத்தில் முந்நூறு நாற்காலி இருந்தது, வெள்ளைத் துணி போர்த்தி, பின்னால் ரிப்பன் கட்டி.

 கடைசியாக ஒரு சின்ன அறிவிப்பு. செங்கல் எங்கள் வீட்டு பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். எருக்கிலை நீங்களே பறித்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.