ரிமோட்டுக்கு விதி, தளத்துக்கு விலக்கு

பெறுநர்: எரிசக்தி திறன் பணியகம், சேவா பவன், ஆர்.கே.புரம், புதுடெல்லி.
அனுப்புநர்: கான்கிரீட் தளத்துக்குக் கீழே குடியிருப்பவர், படாளம், செங்கல்பட்டு மாவட்டம்.
பொருள்: 24 டிகிரி வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நட்சத்திர முத்திரை வாங்கும் வீட்டு ஏசி எல்லாம் 24 டிகிரியில்தான் கண்விழிக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் விதி செய்தீர்கள். எங்கள் ஏசியும் அப்படியே கண்விழித்தது. பேரன் கைக்கு ரிமோட் போகும்வரை சட்டம் அமலில் இருந்தது. அவன் 16-க்கு இறக்கினான். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம் தேசிய நம்பிக்கை. இன்வெர்ட்டர் இல்லாத ஏசி எதில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16-ல் வைத்தால் நிற்காது, அவ்வளவுதான்.

2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், இனி 20-க்குக் கீழே இறங்காது, 28-க்கு மேல் ஏறாது என்று திட்டம் அறிவித்தார். மாமல்லபுரத்து விடுதிகளில் 18-ல் போட்டுக் கம்பளி போர்த்திக்கொள்பவர்களை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன்.

ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறீர்கள். நல்லது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒன்று தாண்டினாலும் கீழ்ப்படியின் சலுகை விலையும் பறிபோகிற எங்களுக்கு அந்த 6 பெரிய எண்.

ஆனால் ஐயா, எங்களைச் சுடுவது ரிமோட் இல்லை. சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்துவிட்டு நடுராத்திரிவரை கீழே இறக்குகிறது மொட்டைமாடி. கல்பாக்கத்துக் கடற்காற்று இங்கே வருவதற்குள் களைத்துவிடும். எங்கள் ஊர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்காவது அரவைப் பருவம் என்று ஒன்று உண்டு. எங்கள் தளத்துக்கு ஆண்டு முழுக்க அரவைதான்.

தளம் எவ்வளவு வெப்பத்தைக் கீழே விடலாம் என்றும் நீங்கள் 2018-லேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்று மேஸ்திரியிடம் சொன்னேன். “அது எந்தக் கம்பெனி கம்பி சார்?” என்றார். அவர்மீது குற்றமில்லை. அந்த விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைக்குத்தானாம். அதாவது இரண்டு கிரவுண்டுக்கும் மேல். ஒரு கிரவுண்டில் வீடு கட்டியவன் எப்படி வெந்தாலும் சட்டப்படி சரி. ரிமோட் விதிக்கு மட்டும் மனை அளவு கேட்கவில்லை.

தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. ஆகவே, தயவுசெய்து அந்த 500-ஐக் குறையுங்கள். முடியாதென்றால், மாடிக்கு வெள்ளை அடிக்கிற கூலியில் பாதியையாவது மின்சேமிப்புக் கணக்கில் எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
24-க்குக் கட்டுப்பட்ட குடிமகன்