தெரியுமாக்காரர்

கல்யாணப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு, ஊறுகாய், இனிப்பு என்று வரிசை ஆரம்பித்துவிட்டது. சாதம் வர இன்னும் இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே பிறந்தவர் ஒருவர் எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடும், மூடி தொலைந்த பேனாவும் இருக்கும். இனிப்பை விண்டு வாயில் போட்டுக்கொண்டே, பக்கத்து இலைக்காரரை விட்டுவிட்டு எதிர்வரிசைச் சிறு பையனைப் பிடிப்பார். "தம்பி, நம்ம மூளையில பத்து பர்சென்ட்தான் யூஸ் பண்றோம், தெரியுமா?" அந்தத் 'தெரியுமா'வுக்குப் பதில் எதிர்பார்க்கப்படுவதில்லை. தெரியும் என்று பையன் சொன்னால் அவர் முகம் தொங்கிவிடும். தெரியாது என்று சொல்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ரயிலில் சைடு லோயரிலும், அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரி விவாதத்துக்கு நடுவிலும், குடும்ப வாட்ஸப் குழுவில் காலை ஐந்தரை மணிக்கும் இவரைப் பார்க்கலாம். விஞ்ஞானமும் தொழில்நுட்பமும்தான் இவர் சரக்கு. அரசியல் பேசினால் சண்டை வரும், சினிமா பேசினால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சுக்கிரனைப் பற்றி எதிர்த்துப் பேச யாரும் வரமாட்டார்கள்.

இவருடைய குலதெய்வம் நாசா. "நாசாவே சொல்லியிருக்கான்" என்பதில் இருக்கிற அந்த ஏகாரத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. அதற்கு அடுத்த சன்னிதியில் ஜப்பான்காரன். அவனும் மறுத்தால், பெயர் இல்லாத ஒரு வெள்ளைக்கார சயின்டிஸ்ட் எங்கிருந்தோ வந்து அசந்து போய் நிற்பான். இவரைப் பற்றி ஊரில் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, மனிதர் சும்மா அளந்துவிடுகிறார், ஊதிப் பெருக்குகிறார் என்பது. இந்தக் கட்டுரையின் கட்சி அதற்கு நேர்மாறானது. இவர் பெருக்கவில்லை, சுருக்குகிறார். இவர் கஞ்சன். அண்டா நிறையப் பாயசம் இருக்கும்போது கரண்டி நுனியால் இலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற பரிமாறுபவர். மூளையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் என்பது கட்டுக்கதை. மூளையில் சும்மா கிடக்கிற தொண்ணூறு பங்கு என்று ஒன்று கிடையாது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள அந்த உறுப்பு, உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. இதைச் சொல்லியிருந்தால் பையன் இன்னும் அகலமாக வாயைப் பிளந்திருப்பான்.

அவருடைய ஆஸ்தான துணுக்கு பேனாக் கதை. விண்வெளியில் பேனா எழுதாது என்று கண்ட அமெரிக்கன் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு பேனா செய்தானாம். ரஷ்யாக்காரன் பேசாமல் பென்சிலை எடுத்துக்கொண்டு போனானாம். இதைச் சொல்லி முடித்ததும் தாமே அந்தப் பென்சிலைக் கொடுத்தனுப்பியது மாதிரி ஒரு சிரிப்பு வரும். நடந்தது இதைவிட ருசியானது. அமெரிக்கர்களும் முதலில் பென்சில்தான் கொண்டு போனார்கள். 1965-இல் நாசா ஒன்று 128 டாலர் 89 சென்ட் வீதம் 34 பென்சில்கள் வாங்கி, பென்சிலுக்கு இந்த விலையா என்று ஊரே சிரித்தது. ஆக, சிரிக்க வைத்தது பேனா அல்ல, பென்சில்தான். பேனாவைச் செய்தவர் பால் ஃபிஷர் என்ற தனியார் பேனா வியாபாரி. செலவும் அவர் கைக்காசு. பென்சிலில் சங்கடம் இருந்தது. ஒடிந்த முனை எடையற்ற அறையில் கண்ணுக்கு நேராக மிதந்து வரும், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், மரம் எரியும். 1967 ஜனவரியில் சுத்த ஆக்சிஜன் நிரப்பிய அப்பல்லோ 1 கலத்தில் பற்றிய தீயில் மூன்று விண்வெளி வீரர்கள் இறந்த பிறகு, எரியக்கூடிய எதைப் பார்த்தாலும் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. ஃபிஷரின் பேனாவுக்குள் அழுத்தமேற்றிய நைட்ரஜன் இருக்கும். மை கூழாக இருந்து, குண்டுமணி உருளும்போது மட்டும் இளகும். நாசா ஏறக்குறைய 400 வாங்கியது. 1969-இல் சோவியத் ரஷ்யாவும் அதே கடையில் 100 பேனா வாங்கியது. புத்திசாலி ரஷ்யன் கடைசியில் அமெரிக்கப் பேனா வாங்கினான் என்ற உச்சக்கட்டத்தை விட்டுவிட்டுக் கதை சொல்கிறவரை வேறென்ன சொல்வது?

தமிழ்நாட்டுத் தெரியுமாக்காரரிடம் உள்ளூர்ச் சரக்கும் உண்டு. திருநள்ளாறு சனீஸ்வரன் கோவிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்துப் போகின்றன, நாசா அதிர்ச்சி. சிதம்பரம் நடராஜர் நிற்பது உலகக் காந்தப்புலத்தின் மையம், வெள்ளைக்காரன் வியப்பு. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகிறது. மூன்று விநாடியில் இருபத்திரண்டு கிலோமீட்டர், கிட்டத்தட்ட திருநள்ளாற்றிலிருந்து நாகப்பட்டினம். நின்றால் அது செயற்கைக்கோள் அல்ல, மேலேயிருந்து விழுகிற இரும்பு. வணங்குகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. நாசா உண்டாவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அவர்கள் எள்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதில் வருத்தம் என்னவென்றால், காந்த விஷயத்தில் நிஜமான அதிசயம் இவருக்கு ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறது. காந்த ஊசி மேலும் சாயாமல் கீழும் சாயாமல் மட்டமாக நிற்கிற கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறார்கள். அது சிதம்பரத்தை விட்டுவிட்டு, இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. பூமியின் உள்ளே நடக்கிற மாற்றத்தால் மெல்ல இடமும் பெயர்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் நாடா மாதிரிப் பாய்கிறது. அதை அளக்கத்தான் திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். அதை ராக்கெட் விட்டு ஆராயத்தான் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மரிய மக்தலேனாள் தேவாலயம் அலுவலகமாயிற்று, பிஷப்பின் வீடு பட்டறையாயிற்று, ராக்கெட்டின் கூம்பு சைக்கிள் கேரியரில் போயிற்று. 1963 நவம்பர் 21 அன்று மாலை கிளம்பிய முதல் ராக்கெட் வானத்தில் சோடியம் ஆவியைக் கக்கிவிட்டுப் போனது. தலைக்கு மேலே பகலெல்லாம் மின்சாரம் ஓடுகிறது, அதனால்தான் இந்திய ராக்கெட்டின் கதை ஒரு மாதா கோவிலில் ஆரம்பித்தது. இத்தனையும் கையெட்டும் இடத்தில் இருக்க, நம்மவர் நின்றுபோன செயற்கைக்கோளைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

தீபாவளிக்குத் தீபாவளி இவர் அனுப்பும் படம் எல்லார் கைபேசியிலும் இருக்கும். இந்தியா முழுக்க நீலமும் பச்சையும் சிவப்புமாக மின்னுகிறது. "தீபாவளி இரவு, விண்வெளியிலிருந்து நாசா எடுத்தது" என்று கீழே ஒரு வரி. அது தீபாவளியும் அல்ல, ஒரே இரவும் அல்ல. அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் பல வருஷப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 2003-இல் கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி செய்த வரைபடம் அது. 1992-க்கு முன்பே ஒளிர்ந்த இடங்கள் வெள்ளை. 1992-இல் புதிதாகத் தெரிந்தவை நீலம். 1998-இல் வந்தவை பச்சை. 2003-இல் வந்தவை சிவப்பு. எந்த ஊர் எப்போது வீங்கியது, எந்த நெடுஞ்சாலை ஓரத்தில் எப்போது விளக்கு வந்தது என்று நாடே தன் பத்து வருஷக் கணக்கை நிறத்தில் எழுதி வைத்திருக்கிறது. தம் ஊர் எந்த நிறம் என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அவருக்கே பொழுது போவது தெரிந்திருக்காது. நிஜமான தீபாவளி இரவுப் படத்தையும் 2012-இல் நாசா வெளியிட்டது. விண்வெளியிலிருந்து பார்த்தால் அந்த இரவின் கூடுதல் வெளிச்சம் கண்ணுக்கே படாது என்ற விளக்கத்தோடு. குலதெய்வம் வாய்திறந்து மறுத்த பிறகும் படம் வருஷா வருஷம் வருகிறது.

பொய்த் துணுக்குகளை மட்டும் பொறுக்கி ஆளைக் கவிழ்ப்பது நியாயமில்லை என்று ஒருவர் சொல்லலாம். சரி, அவர் சொல்லும் உண்மை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். "நிலாவுக்குப் போன கம்ப்யூட்டரை விட உங்க செல்போன் எத்தனையோ மடங்கு பவர்ஃபுல், தெரியுமா சார்?" முழுக்க நிஜம். அப்பல்லோ கணினியின் தற்காலிக நினைவகம் சுமார் 4 கிலோபைட். நிரந்தர நினைவகம் சுமார் 72. குட்மார்னிங் ரோஜாப்பூ ஒன்று அதில் அடங்காது. ஆனால் இங்கேயும் நம்மவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அந்த நிரந்தர நினைவகத்தை நெய்தார்கள், கையால். மசாசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரத் தொழிற்சாலையில், நெசவாலையிலும் கைக்கடிகார ஆலையிலும் வேலை பழகிய பெண்கள், குட்டிக் காந்த வளையங்களுக்கு ஊடே செம்புக்கம்பியைக் கோத்தார்கள். வளையத்துக்குள் நுழைந்து போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. நிலாவில் இறங்கும் வழி முழுக்க அப்படி நெய்யப்பட்டது. ஒரு கம்பி தடம் மாறினால் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். 1969 ஜூலை 20 அன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது, தேவையில்லாமல் ஒரு ரேடார் குறுக்கிட்டு வேலை கொடுக்க, கணினி திணறி 1202 என்று எச்சரிக்கை விட்டது. திணறியதே தவிர நிற்கவில்லை. முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இறக்குகிற வேலையை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி அதை எழுதியிருந்தார்கள். பல மடங்கு பவர்ஃபுல்லான நம் செல்போன் டிக்கெட் பதிவு செய்யும் கடைசி விநாடியில் என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ரயில் பாதையின் அகலம் ரோமானியத் தேரின் இரண்டு குதிரைப் பின்புறங்களால் முடிவானது, விண்கல ராக்கெட்டின் பருமன் அந்தப் பாதையால் முடிவானது என்று இன்னொன்று வைத்திருக்கிறார். அமெரிக்கப் பாதை 1435 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676. எழும்பூரிலிருந்து தெற்கே வெகுகாலம் ஓடியது மீட்டர் கேஜ். ஊருக்கு ஊர் குதிரையை எத்தனை சைஸில் செய்வது? ராக்கெட்டின் குறுக்களவோ சுமார் 3.7 மீட்டர். ரயிலுக்கும் அந்த ராக்கெட்டுக்கும் வேறொரு சம்பந்தம் உண்டு. யூட்டாவிலிருந்து புளோரிடாவுக்கு ரயிலில் போக வேண்டியிருந்ததால் அதைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தினார்கள். 1986 ஜனவரி 28 குளிர்காலையில் சாலஞ்சர் விண்கலத்தில் அப்படி ஒரு பொருத்தின் ரப்பர் வளையம்தான் காலை வாரியது. ஏழு பேர் போனார்கள். குதிரைக்கதை அங்கே போய்ச் சேர்வதில்லை.

பாவம், யாருக்கு என்ன நஷ்டம், நாலு பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசை வரட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை வரும், மறுப்பதற்கில்லை. தமிழ்வாணனின் 'கல்கண்டு' பத்திரிகைத் துணுக்குகளில் ஆரம்பித்துப் பின்னால் பொறியியல் பக்கம் போனவர்கள் நம்மிடையே நிறையவே இருப்பார்கள். துணுக்கு என்ற வடிவத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுஜாதாவும் பத்திரிகைப் பக்கத்தில் சுருக்கமாகத்தான் பதில் எழுதினார். ஆனால் அந்தத் தொகுப்புக்கு வைத்த பெயர் 'ஏன் எதற்கு எப்படி'. பிள்ளைக்கு ஆசை வந்ததும் முதலில் வரும் கேள்வி 'ஏன்' என்பதுதான். தெரியுமாக்காரருக்கு அது பிடிக்காது. ஒருமுறை கேட்டால் "அது அப்படித்தான் தம்பி" என்பார். மறுபடி கேட்டால் "மொதல்ல சாப்பிடு, ரசம் ஆறுது" என்பார். பொய்த் துணுக்குக்குப் பின்னால் 'ஏன்' கிடையாது என்பதால் அங்கே அவர் தப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மைத் துணுக்கிலும் அவர் தப்பிக்கத்தான் பார்க்கிறார். கஞ்சன் என்று சொன்னதற்கு இதுதான் ஆதாரம்: சரக்கு இல்லாத கடையையும் நிறைந்த கடையையும் ஒரே நேரத்தில் சாத்துகிறார்.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது. இதையெல்லாம் எடுத்துச் சொல்கிற நீங்கள் யார், தெரியுமாக்காரரைக் காட்டிலும் பெரிய இம்சை இல்லையா? நியாயமான கேள்வி. ஒவ்வொரு குடும்ப வாட்ஸப் குழுவிலும் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். இருபத்தெட்டு வயது, "சித்தப்பா, இது ஃபேக்" என்று ஒற்றை வரி, அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு சுட்டி. அதை யாரும் திறப்பதில்லை; சித்தப்பா அன்று முழுக்க மௌனம்; மறுநாள் ரோஜாப்பூ. திருத்துகிறவரும் அதே கஞ்சன்தான். பொய்யைப் பிடுங்கிக்கொண்டு வெறும் கையோடு அனுப்புகிறார். 'ஃபேக்' என்றதோடு நில்லாமல், வெள்ளை நீலம் பச்சை சிவப்பு எது என்று ஒரு வரி போட்டிருந்தால் சித்தப்பாவே அதை அடுத்த நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார், தம் சொந்தக் கண்டுபிடிப்பாக. அனுப்பட்டும்.

பந்திப் பையனிடம் அவர் இப்போது சுக்கிரனுக்கு வந்திருப்பார். "தம்பி, வீனஸ்ல ஒரு வருஷத்த விட ஒரு நாள் பெருசு, தெரியுமா?" தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள், சூரியனைச் சுற்ற 225. சரிதான். பையன், "அப்ப அங்க சண்டே எப்ப வரும் தாத்தா?" என்பான். தாத்தா என்றதில் ஒரு அடி, கேள்வியில் இன்னொரு அடி. ரசத்தைக் கூப்பிடுவார். அவருக்குப் பதிலாகச் சொல்லிவிடலாம்: சுக்கிரன் எதிர்த்திசையில் சுழல்வதால் சூரியன் மேற்கே உதிக்கும்; ஒரு உதயத்திலிருந்து அடுத்த உதயத்துக்கு 243 அல்ல, சுமார் 117 பூமி நாள். ஏழு நாள் வாரம் என்றால் 819. இரண்டேகால் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் சனியும் ஞாயிறும் சேர்ந்து 234 நாள் லீவு.