கச்சாயம் என்று சொன்னால்தான் வருவாள்

எங்கள் வீட்டுக் கேமராவில் இதுவரை சிக்கிய ஒரே சந்தேக நபர் நான்தான். கேட் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, ராத்திரி லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு மதில் ஏறிக் குதித்தவன். காலையில் அதைப் போட்டுப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, திருடன் உங்களாட்டவே இருக்கறானுங்க" என்றாள்.

கேமரா வாங்கியதற்குக் காரணம் இருந்தது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்தில் வயதான தம்பதி. அதற்குப் பிறகு கொங்குப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருப்பவர்களுக்கு ராத்திரித் தூக்கம் போனது. நாங்கள் அன்னூர் டவுனுக்குள் அக்கம்பக்கத்தோடு இருக்கிறவர்கள்தான். ஆனாலும் பயம் வந்தால் எதையாவது வாங்கினால்தான் எனக்குத் தீரும். வாங்கினேன். மகளின் சைக்கிள் வாசலிலிருந்து காணாமல் போன அன்று அந்தக் கேமரா ஒன்றையும் பார்க்கவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் என் செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தேன்.

பூட்டு விஷயமும் இந்த லட்சணம்தான். கதவுக்கு ஏழு லீவர் பூட்டு, அதன் சாவி மீட்டர் பெட்டி மேலே. பால்காரருக்குத் தெரியும், கேபிள்காரருக்குத் தெரியும், தண்ணீர் கேன் போடும் தம்பி சாவியை எடுத்துத் திறந்து கேனை உள்ளே வைத்துவிட்டே போவார். வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வரும்போது பார்த்துக்கொள்கிறோம் என்று போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். ஸ்டேஷன் படி ஏற எனக்குக் கூச்சம். ஆனால் பழனிக்குக் கிளம்பும்போது குடும்பத்தோடு நின்று, பின்னால் பூட்டிய கதவு தெரிய ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கக் கூச்சமே இல்லை. "மூன்று நாள் முருகன் தரிசனம்" என்று கீழே எழுதியும் வைத்தேன்.

இப்படிப்பட்டவன்தான் நாலாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, கூப்பிட்டால் போகாதே. அப்பா அனுப்பினார் என்று யாராவது வந்தால் ரகசிய வார்த்தையைக் கேள், சரியாகச் சொன்னால்தான் வண்டியில் ஏறு. வார்த்தையை அவளே தேர்ந்தெடுத்தாள்: கச்சாயம். அவளுடைய அம்மிச்சி சுட்டுக்கொடுக்கும் கச்சாயம் அவளுக்கு உயிர்.

ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பேத்தியின் சமர்த்து அம்மிச்சிக்குப் பெருமை தாங்காமல், புளியம்பட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம், "எங்க பேத்தி கச்சாயம்னு சொன்னாத்தான் ஆரு கூடவும் வருவாளாமா" என்று சொல்லியிருக்கிறார். நான் மட்டும் யோக்கியமா? டீக்கடையில் நானே இதை வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். பிறகு நான் போகும்போதெல்லாம் கடைக்காரர், "வாங்க, டீயா, கச்சாயமா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

வார்த்தையை மாற்றினோம். கோவையிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் சரவணம்பட்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு, மகளைக் கூட்டிவரச் சொல்லி நண்பனைப் பள்ளிக்கு அனுப்பினேன். அவன் எங்கள் வீட்டில் வாரம் ஒருதரம் சாப்பிடுகிறவன், அவளைத் தூக்கி வளர்த்தவன். கேட்டில் நின்றபடி போன் செய்தான்.

"மாப்ள, உம் புள்ள வர மாட்டேங்குது. ஏதோ வார்த்தை சொல்லோணுமாமா."

"கச்சாயம்னு சொல்லு."

அந்தப் பக்கம் மகளின் குரல்: "அது பழசுங்."

"ஒப்புட்டுன்னு சொல்லிப் பாரு."

"இல்லீங்."

"கம்மங்கூழா?"

பதிலே இல்லை. புது வார்த்தையை நான் சுத்தமாக மறந்திருந்தேன். நான் போய்ச் சேரும்வரை டீச்சர், நண்பன், மகள் மூவரும் கேட்டருகே நின்றிருந்தார்கள். நண்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியில் ஏறியதும் மகளைச் சத்தம் போட்டேன். "நீங்கதானப்பா ஆரு வந்தாலும் கேளுன்னு சொன்னீங்" என்றாள். வார்த்தை சந்தகை என்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது சொன்னாள். இப்போது வேறொன்று வைத்திருக்கிறோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவளைத் திட்டியது தவறு என்று அன்று ராத்திரி உறைத்தது. தெரிந்தவர் வந்தாலும் கேட்கத்தான் வேண்டும் என்பது இந்த மாவட்டத்துக்காரனான எனக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டாமா? 2010 அக்டோபர் 29 அன்று கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காவும் தம்பியும் வண்டியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓட்டிவந்தவன் அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே பழகிய டிரைவர். அவனோடு சேர்ந்த இரண்டாவது குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. அந்த நாட்களில் கோவை முழுக்க எந்த வீட்டிலும் வேறு பேச்சு இல்லை. அதை அவ்வளவு பேசிவிட்டு, மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது என்னவோ மிட்டாய் கொடுக்கும் அந்நியனைப் பற்றி. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். என் பாடத்தில் இவர்களில் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகாவது திருந்தினேனா என்றால், அவிநாசி ரோட்டு மண்டபத்தில் நடந்த காதுகுத்தைச் சொல்ல வேண்டும். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர். நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "வா கண்ணு, மாமனுக்கு ஒரு முத்தம் குடு" என்று மகளின் கையைப் பிடித்து மடிக்கு இழுத்தார். அவள் கையை உருவிக்கொண்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டுப் பேசும் ஊரில் என் பிள்ளை மட்டும் மரியாதை தெரியாததா? "மாமன்தானே, போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். போனாள். கன்னத்தைக் காட்டிவிட்டு வந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது பின் சீட்டிலிருந்து கேட்டாள்: "புடிக்காட்டி வேண்டாம்னு சொல்லோணும்னு டீச்சர் சொன்னாங். மாமான்னா சொல்லக் கூடாதுங்களா?"

பதில் தெரியாத அப்பன் செய்வதைச் செய்தேன். வண்டியை நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்த விசேஷத்தில் அதே பெரியவர் கை நீட்டியபோது, "அவளுக்கு இஷ்டம்னா வருவாளுங்க, மாமா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது. அவர் பந்தியில் எனக்கு எதிரே உட்காராமல் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். மகள் ஜாங்கிரி சாப்பிட்டாள். நான் அன்று ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவர் கோபம் நெஞ்சில் நின்றது. இன்றைக்கும் எதிரில் வந்தால் பாதிச் சிரிப்புதான் சிரிக்கிறார். அது போகட்டும்.

பூட்டு, கேமராவெல்லாம் உங்கள் வசதிப்படி வாங்குங்கள். குழந்தை யாரிடமாவது போகமாட்டேன் என்றால், சபையில் எத்தனை பேர் சிரித்தாலும் முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். தப்பு நடந்தது என்று தெரிந்தால் சொந்தத்துக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், குழந்தையே கூப்பிடலாம்.