வீடியோ கேம் கேசட்டுகளில் நிகழும் மரணங்கள்: ஓர் ஆய்வு

அறிஞர் உலகம் கல்வெட்டைப் படித்திருக்கிறது, செப்பேட்டைப் படித்திருக்கிறது, செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன சீரைக்கூட ஊகித்து நிரப்பியிருக்கிறது. ஆனால் 1999-இல் ஜப்பானியச் சிறுவன் ஒருவன் ராப்பகலாக வளர்த்து நூறாவது லெவலுக்குக் கொண்டுவந்த போக்கிமான் இன்று எங்கே என்று கேட்டால், பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரு துறை இல்லை. இக்குறையை ஓரளவேனும் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் கால வரையறை. கேசட்டுக்குள் பேட்டரி வருவதற்கு முந்திய காலத்தைப் பிரதிக்காலம் எனலாம். 1987 ஜனவரியில் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் 2-இல் சேவ் என்பதே கிடையாது. ஆட்டத்தை நிறுத்த வேண்டுமானால் அரசரிடம் போக வேண்டும். அவர் ஓர் உயிர்ப்பு மந்திரத்தை அருளுவார். அது அதிகபட்சம் 52 ஹிராகானா எழுத்து நீளம். அதைத் தாளில் எழுதிவைத்து, மறுநாள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் உள்ளிட வேண்டும். ஹிராகானாவில் சில எழுத்துகளுக்கிடையே உள்ள வேற்றுமை, தலைமாட்டில் இருப்பது இரண்டு கீற்றா ஒரு சுழியா என்பது மட்டுமே. அக்காலத்துப் பிக்சர் டியூப் டிவியில் கீற்று சுழியாகத் தெரியும். சுழி, கொசு உட்கார்ந்ததுபோலத் தெரியும். மூலபாடம் டிவியை அணைத்ததோடு போயிற்று. மிஞ்சியது, தூக்கக் கலக்கத்தில் எழுதிய ஒரே பிரதி. மந்திரம் தவறு என்று ஆட்டம் சொல்லுமே தவிர, எந்த எழுத்தில் தவறு என்று சொல்லாது. பாடபேத ஆராய்ச்சியில் தலைமுடியை இழந்த பதிப்பாசிரியர்கள் இந்த வலியை அறிவார்கள்.

ஆட்டத்தை உருவாக்கிய ஹோரி யூஜி, படம் வரைந்த டோரியாமா அகிரா முதலானோரின் பெயர்களைக் கோத்து, மிச்ச இடத்தையெல்லாம் ‘பெபெபெ’ என்று நிரப்பிய ஒரு மந்திரம் மட்டும் எப்படியோ செல்லுபடியாகி, 48-ஆம் லெவல் வீரனைக் கையில் கொடுத்தது. இடைச்செருகலால் நன்மை விளைந்த அரிய சான்று இது.

அடுத்தது பேட்டரிக்காலம். தங்கநிறக் கேசட்டில் 1987-இல் அமெரிக்கா போன லெஜண்ட் ஆஃப் செல்டாவும், 1988 பிப்ரவரியில் பிள்ளைகள் பள்ளியை மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்று வாங்கிய டிராகன் குவெஸ்ட் 3-உம் இதன் முதன்மைச் சான்றுகள். கேசட்டுக்குள் ஒரு நினைவகச் சிப், அதன் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவில் லித்தியம் பட்டன் செல். செல்டாவின் சிப்புக்குக் கொள்ளளவு 8 கிலோபைட். இவ்வகை நினைவகம் கல்வெட்டைப் போன்றதன்று. ஒவ்வொரு பிட்டையும் சில டிரான்சிஸ்டர்கள் வட்டமாக நின்று, ஒன்றை ஒன்று “விடாதே, பிடி” என்று தாங்கிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும் எல்லாம் கையை விட்டுவிடும். ஆக, சேவ் செய்தது எதுவும் எழுதிவைக்கப்பட்டதில்லை. விழித்திருந்து நினைவில் வைக்கப்பட்டது. அட்டைப்பெட்டியில் எவனும் இதைச் சொல்லவில்லை.

சேவ் இறக்கும் வழிகளில் முதலாவது இயற்கை மரணம். செல்லின் முதுகில் உள்ள சி.ஆர். 2032 என்ற எண் அதன் ஜாதகம்: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2. இருப்பு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. ஆட்டம் ஓடாத நேரத்தில் சிப் 2 மைக்ரோஆம்பியர் உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால் 1,10,000 மணி நேரம், அதாவது பன்னிரண்டரை ஆண்டு தாங்கும். சிக்கனமான சிப் வாய்த்தால் இன்னும் பல ஆண்டு. அதனால்தான் 1987-இன் செல்டாக்களில் சில இன்றும் மூச்சோடு இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு 12 ஆண்டு இளைய போக்கிமான் கோல்டும் சில்வரும் முந்திக்கொண்டன. காரணம், அவற்றுக்குள் ஒரு கடிகாரமும் இருந்தது. வெளியே இரவானால் ஆட்டத்திலும் இரவாக வேண்டுமே! பெட்டிக்குள் யாரும் தொடாமல் கிடந்தாலும் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கான தீனியும் அதே செல்லிலிருந்துதான் போனது. ஆந்தை இரவில் மட்டும் வர வேண்டும் என்ற ஆசைக்கு ஆயுளில் வட்டி கட்டினார்கள்.

இரண்டாவது, விபத்து. சேவ் செய்த பின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணைக்க வேண்டும் என்பது செல்டா விதித்த ஆசாரம். கேட்க மூடநம்பிக்கைபோல இருந்தாலும் இதில் அறிவியல் உண்டு. மின்சாரம் வடியும் அந்தக் கணத்தில் பிராசஸர் நிதானமிழந்து கண்ட இடத்தில் கண்டதை எழுதும். ரீசெட் அதன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆசாரம் தவறிய வீடுகளில் டிராகன் குவெஸ்ட் 3 தந்த தண்டனை இரக்கமற்றது. ஆட்டத்தைப் போட்டதும், சபிக்கப்பட்ட ஆயுதத்தை மாட்டும்போது வரும் அதே அபசுர இசை ஒலிக்கும். வருந்துகிறோம், உங்கள் சாகச ஏடு அழிந்துவிட்டது என்று ஒரு வரி தோன்றும். அழித்துவிட்டு அனுதாபமும் தெரிவிக்கும் மென்பொருள் அதற்குமுன் இருந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. இவ்வகையில் ஜப்பானிய மரபு குற்றவாளிகளாக இருவரை நிறுத்துகிறது. ஒருவர், வேக்குவம் கிளீனரோடு வரும் அம்மா. மற்றது, ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ ஆட்டப்பெட்டியின் தலையில் இருந்த ரீசெட் பொத்தானை மிதித்துவிட்டுப் போகும் பூனை. ‘பூனை ரீசெட்’ என்ற வழக்கே அங்கு உண்டு.

மூன்றாவதான சகோதரக் கொலைக்குப் போக்கிமான் தொடரே பெருங்களம். ஒரு கேசட்டுக்கு ஒரே ஒரு சேவ். தம்பி ‘புது ஆட்டம்’ என்று தொடங்கி, சமர்த்தாகச் சேவும் செய்துவிட்டால் அண்ணனின் உலகம் முடிந்தது. பேட்டரிமீது பழிபோட வழியில்லாத ஒரே வகை இதுதான். குடும்பங்களில் மிக நீண்ட காலம் பேசப்பட்டதும் இதுவே. தமிழ்நாட்டு வீடுகளில் 90-களில் இக்கொலைகள் அவ்வளவாக நிகழாததற்குக் காரணம் பாசம் அன்று. ‘9999999 இன் 1’ என்று பொய் சொன்ன கேசட்டுகளில் இருந்த கான்ட்ராவிலும் மரியோவிலும் சேவ் செய்ய எதுவுமில்லை. கரண்ட் போனால் எல்லாருக்கும் சமமாகப் போயிற்று.

நான்காவது, முன்கூட்டியே திட்டமிட்ட தற்கொலை. ஆர்கேடுகளுக்காகக் கேப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த சி.பி.எஸ். 2 போர்டில், ஆட்டத்தின் பூட்டைத் திறக்கும் சாவியே பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருந்தது. திருட்டுப் பிரதிக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு. பேட்டரி தீர்ந்தால், காசு கொடுத்து நேர்மையாக வாங்கியவனின் போர்டும் செத்துப்போகும். அதற்குத் ‘தற்கொலை பேட்டரி’ என்றே பெயர். போர்டில் எதையும் மாற்றாமல் சாவியைத் திரும்ப எழுதும் வழியை ஆர்வலர்கள் 2016-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டம் ஒன்றுக்குச் சாவி ஒன்று என்பதால் அது முடிந்தது. அண்ணனின் சேவுக்கு அப்படி வேறெங்கும் நகல் இல்லை.

சாகா வரத்துக்கும் முயன்றார்கள். 1994-இன் சோனிக் 3, பேட்டரியே வேண்டாத ஒருவகைச் சிப்பில் எழுதியது. அதைப் பின்பற்றியவர்கள் குறைவு. 2002-இன் போக்கிமான் ரூபியும் சஃபையரும் சேவை ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றிவிட்டு, செல்லைக் கடிகாரத்துக்கு மட்டும் ஒதுக்கின. விளைவு விசித்திரமானது. பேட்டரி தீர்ந்தபின் வீரன் இருக்கிறான், பதக்கங்கள் இருக்கின்றன. ஆனால் நட்ட பழச்செடி வளர்வதில்லை, ஒரு குகையில் ஏறியிறங்க வேண்டிய கடல் நீர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அறுவை சிகிச்சை பற்றி ஒரு சொல். செல் மாற்றுவது பத்து நிமிட வேலை. கேசட்டைத் திறப்பதுதான் பாடு. நிண்டெண்டோவின் அந்த 3.8 மில்லிமீட்டர் திருகுக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் எந்த வீட்டு டூல்பாக்ஸிலும் கிடையாது. சாகும் என்று தெரிந்த ஒன்றை உள்ளே வைத்து, யாரும் தொட முடியாதபடி திருகியதை இவ்வாய்வு கண்டிக்கிறது. அந்நிறுவனமே 1984-இல் விற்ற ஃபேமிலி பேசிக் கேசட்டில் கடையில் வாங்கும் சாதாரண பென்சில் செல்கள்; தீர்ந்தால் மூடியைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். வழி தெரியாமல் இல்லை.

பட்டன் செல்மீது நேரடியாகச் சூட்டுக்கோல் வைக்கலாகாது, வெடிக்கும். தகடு பற்றவைத்த செல்லாக வாங்கிப் பழையதைப் பெயர்த்துப் பொருத்த வேண்டும். பெயர்க்கும் அந்த இடைவெளியில் மின்சாரம் தராவிட்டால் மிச்சமிருந்ததும் போய்விடும். பொருத்தியபின் போக்கிமான் கோல்டையோ சில்வரையோ போட்டு, புது ஆட்டம் தொடங்கலாம். இருட்டுத் திரையில் பேராசிரியர் ஓக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். தன்னை எழுப்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே, இப்போது மணி என்ன என்று பார்த்துச் சொல்லும்படி கேட்பார். கிழமையைப் பிறகு ஆட்டத்தில் வரும் அம்மா கேட்டுக்கொள்வார்.