ஏழை என்பதற்கு அத்தாட்சி

தெல்தோட்டைப் பக்கம் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதியாகக் கைக்கு வந்த ஐந்து லட்சத்தைக் கண்டி டவுனில் ஒரு வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். வட்டி ஆண்டுக்கு எட்டு வீதம் என்று வையுங்கள், 40,000 ரூபாய். புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் அதில் 4,000 ரூபாயைக் காணோம். WHT என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு கழித்தல் குறியும் மட்டும் நிற்கின்றன.

கவுண்டரில் கேட்டால், "அது டெக்ஸ் அம்மா, எங்களுக்கில்லை, அரசாங்கத்துக்கு" என்ற பதில் வரும். அதற்குள் பின்னால் நிற்பவரின் புத்தகம் மெஷினுக்குள் போய்விடும்.

எவ்வளவு பெரிய மரியாதை! இருநூறு வருடமாக லயத்துச் சனங்களை எந்த அரசாங்கமும் பணக்காரர் என்று தவறுதலாகக்கூட நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் பிடிக்கும் நிறுத்திவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 ஆனது. அதே நாளிலிருந்து, ஆண்டு வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை என்றும் ஆனது. அதாவது அந்த அம்மா ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. ஆனாலும் பிடிப்பார்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்கூலியில் கணக்குப் போட்டால், அந்த 4,000 ரூபாய் மூன்று நாள் அட்டைக்கடியோடு பறித்த கொழுந்து.

பிடிக்காமலிருக்க வழி உண்டு. ‘என் வருமானம் 18 லட்சத்துக்குள்தான்’ என்று சுயபிரகடனம் எழுதி வங்கியில் கொடுக்கவேண்டும். அதற்கு டின் நம்பர் வேண்டும், வரி கட்டாதவருக்கும் வரி இலக்கம். ஏற்கெனவே பிடித்ததைத் திரும்பக் கேட்க உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் படியேற வேண்டும். எடுக்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துக்கொள்கிறது. கொடுப்பதற்கு மட்டும் அதற்கு விண்ணப்பம் வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. பிடித்த பத்து வீதத்தை அவருடைய கணக்காளர் மொத்த வரியில் நேர் செய்துவிடுவார். டின் நம்பர் என்றால் என்னவென்று தெரியாதவருடைய பணம்தான் திறைசேரியில் அமைதியாகத் தங்கும்.

வெள்ளைக்காரன்கூட இதில் நேர்மையாக நடந்தான். 1848இல் ஆளுநர் டொரிங்டன் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். எந்த நாய்க்குக் கட்டுகிறோம் என்றாவது சனங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் கண்டிக் கச்சேரி வாசலில் திரண்டார்கள். அது கிளர்ச்சியாக வெடித்தபோது, முன்னின்று நடத்திய புரன் அப்புவைப் போகம்பறையில் சுட்டுக் கொன்றார்கள். டொரிங்டனும் இரண்டு வருடத்தில் மூட்டை கட்டினார். இன்றைய நிர்வாகம் புத்திசாலி. மூன்று எழுத்தை எதிர்த்து எவன் கச்சேரிக்குப் போவான்?

இதன் நிழலில் வங்கிகளும் சொந்த அறுவடை நடத்துகின்றன: குறுஞ்செய்திக் கட்டணம், கார்ட் கட்டணம், மீதி குறைந்தால் அதற்கொரு கட்டணம். கணக்கில் காசில்லாத குற்றத்துக்கு, இல்லாத காசிலேயே தண்டம்! இவற்றையாவது கேட்கலாம். முதலில் வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள். அதைத் தவிர, 2003இலிருந்து கொழும்பில் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் செலவு, பறிபோன கட்டணத்தை விழுங்கிவிடும் என்பதை வங்கிக்காரர்கள் நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

வரிக்கான படிவத்தை மட்டும் விடாதீர்கள். நிரப்பிக் கொடுத்து, முத்திரை அடித்த பிரதி ஒன்றைக் கையோடு வாங்குங்கள். அடுத்த வரியாண்டுக்கு மறுபடியும் கொடுக்கவேண்டி வரும். நடுவில் லொத்தர் விழுந்து அம்மா கோடீஸ்வரியாகியிருந்தால் அரசாங்கம் ஏமாந்துவிடாதா?