உடைத்த போத்தலில் எஞ்சும் வைன்: சீனன்குடா நோக்கில் ஓர் ஆய்வு

சேமித்து வைப்பதைப் பற்றி எழுதுவதற்குத் திருகோணமலைச் சீனன்குடாவைவிடத் தகுதியான ஊர் இலங்கையில் இல்லை. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் இங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் விமானத் தாக்குதலில் ஒரு குதம் எரிந்து உருகியது. மிஞ்சிய 99இற் பெரும்பாலானவை பல தசாப்தங்கள் பற்றைக்குள் வெறுமையாகக் கிடந்தன; 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதி 99உம் 14, 24, 61 எனப் பங்கு பிரிக்கப்பட்டன. ஆனால் நத்தாருக்கு உடைத்த வைனில் பாதி மிஞ்சினால் அதற்கு என்ன வழி என்று எந்த ஒப்பந்தமும் பேசவில்லை. போயாவுக்கு மதுக்கடை பூட்டிவிடும் நாட்டில் இது சின்னக் குறையல்ல.

ஆய்வுப் பொருள், யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்து வைன். துறவியர் செய்வதென்பதால் மாமிமாரும் ஒரு மிடறு மறுப்பதில்லை.

750 மில்லிலீற்றர் போத்தலில் பாதி குடித்தால் வெறுமையான 375உம் காற்று. அதில் ஒட்சிசன் மட்டும் 79 மில்லிலீற்றர் அளவில் வரும். அதைக்கொண்டுதான் அசற்றிக் பற்றீரியா மதுசாரத்தை வினாகிரியாக்குகிறது. வைனின் நோய்களைப் பற்றிப் பாஸ்டர் 1866இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார். திருகோணமலை வெயிலில் குசினி மேசைமேல் வைத்த போத்தல் அதை வாசிப்பதில்லை.

இதுபற்றி அறிஞர் மூன்று கட்சி. தக்கைக் கட்சியார் பழைய தக்கையையே அழுத்திச் செருகுவர். உள்ளே இருக்கிற காற்றையும் சேர்த்துப் பூட்டிவைப்பதே அவர்கள் கண்ட பலன். கரண்டிக் கட்சியார் பிரான்சிலிருந்து லீவில் வருபவர்கள். போத்தல் வாயில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் சாம்பெயினின் வாயு போகாதாம். சோதித்துப் பார்த்தவர்கள் அதில் பயனில்லை என்றுவிட்டார்கள்; அதுவும் நம்முடைய வைனில் போவதற்கு வாயுவே இல்லை. பம்புக் கட்சியார் காற்றை உறிஞ்சுவர். முழுக்க வராது, வாசனையும் கொஞ்சம் கூடவே போகும்.

எமது முடிபு வேறு. சாராயத்தின் அரைப் போத்தல் சரியாக 375 மில்லிலீற்றர். வெந்நீரில் கழுவி வடியவிட்ட ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்து, வைனை உடைத்த கையோடு, முதல் கிளாசுக்கு முன்னரே, புனல் வைத்துக் கழுத்துவரை நிரப்பித் திருகிவிட வேண்டும். மூடிக்கடியில் நகமளவுதான் காற்று நிற்கும். பிறகு பிரிட்ஜ். வெப்பம் பத்துப் பாகை இறங்கினால் கெடும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இரசாயனத்தின் கைக்கணக்கு.

இரசாயனம் இத்தோடு தீர்ந்தது. சமூகவியல் தீரவில்லை. சோடாவுக்குப் பிரிட்ஜைத் திறந்த மாமியின் கண் நேரே அதில்தான் விழும்.

“இதென்ன பிள்ளை, சாராயமோ?”

“இல்லை மாமி, வைன். போத்தல்தான் சாராயம்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

இக்கூற்றுக்கு எதிர்வாதம் எந்த நூலிலும் இல்லை. எனவே பெயர்த்தாளை ஊறவைத்து உரித்துவிட்டு, ‘வினாகிரி’ என்று எழுதி ஒட்டுமாறு பரிந்துரைக்கிறோம். மாமியும் பேசமாட்டார், ஒட்சிசனைவிட வேகமாக வைனைத் தீர்க்கும் மச்சான்மாரும் தொடமாட்டார்கள். போத்தலை மறந்து மாதக்கணக்கில் கிடக்கவிட்டாலோ, எழுதியது பொய்யென்று ஒருவரும் நிரூபிக்க முடியாது.